ஆயுத பூஜைக்குள் பழைய காரைப் பளபளக்க வைப்பது எப்படி?

போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் பானெட்டில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? சபாஷ். நீங்கள்தான் நாம் தேடிய ஆள். 15 வருட ஆர்.சி. முடிந்து, பசுமை வரி கட்டி, இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்து வைத்திருக்கும் உங்கள் சில்வர் கலர் வண்டியைப் புதுசாக்கிவிடலாம். சொல்வதை மட்டும் செய்யுங்கள். பாதிக்கு மேல் ஏற்கெனவே பழக்கத்தில் இருக்கும்.

1. முதலில் வண்டியைப் பக்குவப்படுத்துங்கள். புங்க மரத்தடியில் நிறுத்துங்கள்; உங்களுக்கு நிழல், காக்கைக்கு வசதி. எச்சம் விழுந்தால் உடனே ஈரத்துணியை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். அதிலுள்ள அமிலம் வெயிலில் சூடேறிப் பெயிண்டுக்குள் இறங்க நேரம் கொடுங்கள். ஒரு வாரம் விட்டால் தடம் நிரந்தரம்.

2. கழுவ உகந்த நேரம் உச்சி வெயில். பானெட்டில் கை வைத்தால் சுட வேண்டும். போர் தண்ணீர் கிடைத்தால் இன்னும் விசேஷம். சோப்பை அலசுவதற்குள் தண்ணீர் காய்ந்து, அதிலிருந்த சுண்ணாம்பு உப்பு துளிக்கு ஒரு வெள்ளை வட்டமாகப் படிந்துவிடும்.

3. தண்ணீர் அடித்து மண்ணை இறக்கிவிட்டுத்தான் துணி வைக்க வேண்டும் என்பவர்களுக்குப் பொழுது போகவில்லை. நீங்கள் காய்ந்த தூசி மேலேயே துடையுங்கள். திருப்பூர் பனியன் வேஸ்டில், தடித்த தையலோ எலாஸ்டிக்கோ உள்ள துண்டாகப் பொறுக்குங்கள். துணி தரையில் விழுந்தால் ஓர் உதறு உதறிவிட்டுத் தொடருங்கள்.

4. வாளி ஒன்று போதும். முதலில் சக்கரங்கள், பிறகு அதே தண்ணீரில் கூரை. பிரேக் தூளும் ரோட்டு மண்ணும் வண்டி முழுக்கச் சமமாகப் போய்ச் சேரட்டும். சோப்புக்கு, சமையலறையில் இருக்கும் பாத்திரம் தேய்க்கும் லிக்விடை எடுங்கள். கறிக்குழம்புச் சட்டியின் பிசுக்கையே எடுக்கிற சரக்கு, வண்டியில் மிச்சமிருக்கும் வாக்ஸை விட்டுவைக்குமா?

5. இப்போது வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கீறல் தெரியும். ரப்பிங் கம்பவுண்டை எடுங்கள். பெயிண்டுக்கு மேலே இருக்கும் கிளியர் கோட்டின் கனம் பெரும்பாலும் 40, 50 மைக்ரான். ஒரு ஏ4 தாளில் பாதி. அது தேயத் தேயத்தான் கீறல் மறையும், ஆகவே வருடா வருடம் தேயுங்கள். மடிப்புகளிலும் ஓரங்களிலும் இன்னும் அழுத்துங்கள். பெயிண்ட் மெலிசாக இருக்கும் இடம் அதுதான். துணியில் சில்வர் கலர் இறங்கினால் கிளியர் கோட் தீர்ந்தது என்று பொருள். வீட்டில், "எவ்வளவு அழுக்கு பாத்தியா!" என்று காட்டுங்கள்.

6. ஹெட்லைட் மஞ்சளாகிவிட்டதா? டூத்பேஸ்ட் வைத்துத் தேயுங்கள். உடனே தெளியும். பாலிகார்பனேட்டை வெயிலிலிருந்து காக்கும் மேல்பூச்சில் மிச்சம் இருந்தது அத்தோடு போகும். தேய்த்த பிறகு புதிதாக யு.வி. பூச்சு எதுவும் அடித்துவிடாதீர்கள். சில வாரத்தில் மஞ்சள் முன்னைவிடக் கெட்டியாகத் திரும்பும். பேஸ்ட் வீட்டில் எப்போதும் இருக்கிறதே.

7. கதவைத் திறந்து அடிவிளிம்பை விரலால் தடவுங்கள். சின்னச் சின்ன ஓட்டைகள் தட்டுப்படும். கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேறுவதற்காகக் கம்பெனியே விட்ட வழி. பட்டி வைத்து அடைத்துவிடுங்கள். பக்கத்தில் பெயிண்ட் கொப்பளித்திருக்கும். அழுத்தினால் மொறுமொறுவென்று உடைந்து செம்பழுப்புத் தூள் கொட்டும். இரும்பு தெரியும்வரை சுரண்டி, பிரைமர் அடிப்பதெல்லாம் டிங்கருக்குத் தெரிந்த வேலை. நீங்கள் துரு மேலேயே பட்டியைப் பூசி, ஸ்ப்ரே டப்பாவால் அடியுங்கள். சில்வரில் எத்தனையோ வகை உண்டு. எது கடையில் இருக்கிறதோ அது உங்கள் வகை.

8. வாட்டர் சர்வீஸுக்கு விடுங்கள். பானெட்டைத் திறந்து, ஆல்டர்னேட்டர் மேலும் ஒயரிங் கப்ளர்கள் மேலும் குழாயை நேராகப் பிடிக்கச் சொல்லுங்கள். அடியில் டீசல் ஸ்ப்ரே மறக்க வேண்டாம். வீடு வரும்வரை சேஸ் மின்னும். அதன்பின் ரோட்டுத் தூசி முழுவதையும் ஒட்டவைக்கும். சஸ்பென்ஷன் புஷ் ரப்பரும் ஊறிக் கொழகொழத்துப் போகும்.

9. உள்ளே டாஷ்போர்டு பாலிஷைத் தாராளமாக அடியுங்கள். எதிர்வெயிலில் கண்ணாடியில் ரோட்டுக்குப் பதில் டாஷ்போர்டு தெரியும். ஸ்டியரிங், பிரேக் பெடலுக்கும் ஒரு கோட்டிங் கொடுங்கள். வாடை வருகிறதா? ஏசி டிரெயின் குழாய் அடைத்து, மிதியடிக்கு அடியில் கார்ப்பெட் ஊறிக் கிடக்கும். மிதியடியைத் தூக்கிப் பார்க்க வேண்டாம். மல்லிகை வாசனையில் ஒன்று, எலுமிச்சை வாசனையில் ஒன்று வாங்கித் தொங்கவிடுங்கள்.

10. சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியாயிற்றா? ஈரம் காயும் முன் கவரைப் போட்டு மூடுங்கள். காற்றில் கவர் ஆட ஆட, உள்ளே சிக்கிய மண் ராத்திரி பகலாக உங்களுக்காகத் தேய்த்துக்கொண்டிருக்கும்.

11. இனி விற்கலாம். "சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டிய வண்டி" என்று விளம்பரம் கொடுங்கள். வருகிறவர் பையிலிருந்து சின்னக் காந்தத்தை எடுத்துக் கதவின் அடிப்பக்கம் வைப்பார். பட்டிக்கு மேல் அது நிற்காது, விழும். சிரித்துவிட்டு மெதுவாக நடையைக் கட்டுவார். விடாதீர்கள், பின்னாலேயே போங்கள். விவரம் தெரிந்த மனுஷன், வண்டியைக் கண்ணும் கருத்துமாக வைத்திருப்பார். அதை விலைக்குக் கேளுங்கள். கிடைத்துவிட்டால், பெயிண்ட் முழுசாக இருக்கும் வண்டி ஒன்று உங்கள் கைக்கு வந்துவிடும். இந்த அனுபவத்துக்கு, அதை முடிக்க இரண்டே ஆயுத பூஜை போதும்.