ஒத்த லைப்ரரிதானே தாத்தா!

வாடா தம்பி. தீபாவளி லீவுக்குத் திம்புள்ளைக்கு வந்தும் லெப்டொப்ப மூட மாட்டேங்கிறியே, என்னா, பில்ட் ஒடஞ்சிருச்சா? ஒரேயொரு லைப்ரரிதான் சேத்தியாக்கும்!

ஒங்க பூட்டன் காலத்துத் தொரைமாரும் தலைக்கங்காணி ஒருத்தரோடதான் பேசுவாங்க. அவருக்குக் கீழ சில்லறைக் கங்காணிங்க, அவங்களுக்குக் கீழ மச்சான், மாமன்னு கூட்டம். தொரைக்கு எண்ணத் தெரியும், பேரு தெரியாது. கங்காணிக்கு மனசு கோணிச்சுன்னா கடன எழுதுன துண்டோட வேற தோட்டத்துக்குக் கெளம்பிருவாரு. பின்னாலயே கேங்கும் போயிரும். காலையில பெரட்டுக்களத்துல தொரை மட்டும் நிப்பாரு. 1921ல சட்டம் போட்டுத் துண்ட ஒழிச்சாங்க. நீங்க கொம்பியூட்டருக்குள்ள திரும்பக் கொண்டாந்துட்டீங்க.

2016 மார்ச்சுல ஒருத்தருக்கு, லைப்ரரிக் கிடங்கு வச்சிருக்குற என்பிஎம்காரங்களோட ஒரு பேரு விசயத்துல மனஸ்தாபம். தன் சரக்கயெல்லாம் எடுத்துட்டாரு. அதுல லெஃப்ட்-பேட்னு ஒன்னு, 11 வரி. எழுத்துக்கு இடது பக்கம் எடத்த நெரப்புறதுதான் அதுக்கு வேல. அதுக்கே பேபல் மொதக்கொண்டு ஒலகமெல்லாம் பில்ட் விழுந்துச்சு. விழுந்தவங்கள்ல பல பேருக்கு அது உள்ள இருக்கிறதே தெரியாது.

நீயும் எதையும் பாக்காத ராசா. பதிப்பு நம்பருக்கு முன்னால தொப்பிக் குறியப் போட்டு விடு, வர்றது வந்து ஏறிக்கட்டும். லொக் ஃபைல கிட்ல சேக்காத. ஒன் மெசின்ல ஓடி சர்வர்ல ஓடலன்னா, சர்வருக்குத் திமிருன்னு மேனேஜர்கிட்ட சொல்லு. டிபன்டன்சி ட்ரீயத் தொறக்கவே தொறக்காத. 2021 டிசம்பர்ல, ஓட்ட இருக்குன்னு தெரிஞ்ச லொக்4ஜே லைப்ரரி எங்க ஒளிஞ்சிருக்குன்னு ஊரே தேடுனப்ப, பேரேடு வச்சிருந்தவன் பாவம், சட்டுனு முடிச்சிட்டு நத்தாருக்குச் சும்மா ஒக்காந்திருந்தான். ஆனா பூட்டுப் போட்டுட்டு சாவியத் தொலைச்சவனும் அன்னைக்கித் தப்பல. அடி வாங்குனது பழைய பதிப்புதானே.

எக்ஸ்இசட் கத தெரியுமா? ஒத்த மனுசன் பாத்துக்கிட்டிருந்த லைப்ரரி. ஒத்தாசைக்குன்னு வந்தவன் ரெண்டு வருசத்துக்கு மேல நல்ல புள்ளையா நடிச்சு, 2024ல கள்ளக்கதவு வச்சிட்டான். லொகின் அர செக்கன் பிந்துதேன்னு ஆன்ட்ரஸ் ஃப்ராய்ண்டுன்னு ஒருத்தரு தோண்டப் போயிக் கண்டுபிடிச்சாரு. நம்ம கணக்கப்புள்ள கொழுந்து நிறுக்கையில கூட அம்புட்டு நுணுக்கம் பாக்க மாட்டாரு.

சரி, நீ சேத்தது என்னத்துக்கு? திகதியத் தமிழ்ல காட்டவா? பன்னெண்டு மாசப் பேரு ஒனக்குத் தெரியாதா? எழுது, நான் தேத்தண்ணி போடுறேன். பால் கேக்காத, பால்மா நியூசிலாந்துல இருந்து வரணும்.