படபடப்பைப் பத்திரமாக வளர்ப்பது எப்படி?

இதயத் துடிப்புக் கோளாறுக்கு அப்லேஷன் செய்துகொண்டு வீடு திரும்புகிறவர்களுக்கு ஒரு தர்மசங்கடம் காத்திருக்கிறது. நோய் போய்விட்டது. இத்தனை வருடம் அதற்குக் காவல் இருந்த பயத்துக்குத்தான் திடீரென்று வேலை இல்லை. பாவம், அதை எங்கே அனுப்புவது? வீட்டிலேயே வைத்துச் சோறு போட்டு வளர்க்க விரும்புகிறவர்களுக்காக இந்தக் கையேடு.

எழுதும் தகுதி எனக்கு உண்டு. பதினொரு வருடம் எஸ்விடி என்ற துடிப்புக் கோளாறு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சுவிட்சைத் தட்டியதுபோல் துடிப்பு 180-க்குப் போகும். இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்னோட்டம் இறங்கும் வாசலுக்கு ஏவி கணு என்று பெயர். சுனாவோ தவாரா என்ற ஜப்பானியர் ஜெர்மனியில் இருந்தபடி ஆராய்ந்து 1906-ல் அதை விவரித்தார். எனக்கு அந்த வாசலை ஒட்டி ஒரு குறுக்குச் சந்து கூடுதலாக இருந்தது. மின்னோட்டம் அதில் புகுந்துவிட்டால் பிராகாரம் சுற்றுவதுபோல் சுற்றிக்கொண்டே இருக்கும். தொடை இடுக்கில் உள்ள ரத்தக்குழாய் வழியே மெல்லிய கம்பியை ஏற்றி, அந்தச் சந்தைச் சூடு வைத்து அடைத்தார்கள். அதுதான் அப்லேஷன். இந்த வகைக் கோளாறில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் சரியாகிவிடுகிறது. மிச்சமுள்ள ஒரு சிலரில் நான்தான் முதல் ஆள் என்று மறுநாள் காலையே முடிவு செய்தேன். இனி விதிகள்.

1. வாட்சைக் கழற்றாதீர்கள்

துடிப்பு எண்ணும் வாட்ச் ஒன்று வாங்குங்கள். பட்டையைத் தளர்வாகக் கட்டுவது முக்கியம். தோலுக்குள் பச்சை ஒளியைப் பாய்ச்சி, ரத்தம் ஓடும் அசைவை வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது; கை ஆட ஆடக் கணக்கும் ஆடும். தேங்காய் துருவும்போது என் வாட்ச் 151 காட்டியது. துருவலை அப்படியே விட்டுவிட்டுச் சோபாவில் படுத்துக்கொண்டேன். பத்து நிமிடம் கழித்து 84. ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு, தூக்கத்தில் 50-க்குக் கீழேயும் இறங்கலாம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியவே கூடாது. காலையில் எழுந்ததும் இரவுக் கணக்கைத் திறந்து, 47 என்று இருந்தால் நின்றேபோயிருக்கும் என்று அஞ்சுங்கள்.

2. நாடியைக் கட்டைவிரலால் பிடியுங்கள்

வாட்ச் சார்ஜில் இருக்கும் நேரத்துக்கு இது உதவும். கட்டைவிரலுக்குள்ளேயே ஒரு துடிப்பு உண்டு. அதுவும் மணிக்கட்டின் துடிப்பும் கலந்து கணக்குக் குழம்பும். இரண்டு விரலால் பிடித்துச் சரியாக எண்ணிவிட்டால் பயப்பட ஒன்றும் மிஞ்சாமல் போய்விடலாம்.

3. விட்டுப்போன துடிப்பைத் தேடுங்கள்

இரவு பத்தரைக்கு இடப்பக்கமாகப் படுங்கள். இதயம் நெஞ்சுச் சுவரை ஒட்டி வரும், தலையணைக்குள் டொக் டொக் என்று கேட்கும். கொஞ்ச நேரத்தில் ஒன்று தவறும். அடுத்தது தொம் என்று விழும். இதற்காகத்தான் காத்திருந்தீர்கள்.

உண்மையில் எதுவும் தவறவில்லை. ஒரு துடிப்பு முந்திரிக்கொட்டைபோல் முன்னதாக வந்துவிட்டது. அதன்பின் வரும் சிறு இடைவெளியில் அறையில் வழக்கத்தைவிட அதிக ரத்தம் நிறைகிறது. அதனால்தான் அடுத்த துடிப்பு பலமாக இறங்குகிறது. ஒரு குறையும் இல்லாத இதயங்களிலும் இது நடக்கும். அப்லேஷனுக்குப் பிந்தைய வாரங்களில், சூடு வைத்த இடம் ஆறும்வரை, இன்னும் கொஞ்சம் கூடுதலாக நடக்கலாம். நாள் ஒன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிப்பதில் ஒன்றிரண்டு முந்திக்கொண்டால் அதைக் கண்டுபிடிக்க ஒரு ஆள் வேண்டாமா? கண்டுபிடியுங்கள். திடுக்கிடுங்கள். அட்ரினலின் சுரக்கும், அடுத்த முந்திரிக்கொட்டைக்கு அதுவே உரம்.

4. டாக்டர் சொன்னதில் பாதியை மட்டும் கேளுங்கள்

என் டாக்டர் சொன்னது இது: “சார், பழைய நோய் சுவிட்ச் மாதிரி. டக்குனு வரும், டக்குனு நிக்கும். பயத்தில வர்ற துடிப்பு பஸ் மாதிரி. மெல்ல வேகம் எடுக்கும், மெல்ல நிக்கும். வித்தியாசத்தைக் கவனிங்க.” இதைவிட ஆபத்தான வாக்கியம் கிடையாது. நினைவில் வைத்துக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் நிம்மதி வந்துவிடும். ஆகவே “கவனிங்க” என்ற கடைசிச் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலறை தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற வேறு கோளாறுக்கு அப்லேஷன் செய்துகொண்டவர்களுக்கு வசதி இன்னும் அதிகம். இதயத்துக்குக் கடிவாளம் போடும் நரம்பு முனைகளில் சில அந்தச் சூட்டில் பாதிக்கப்படுவதால், சில மாதங்களுக்கு ஓய்வுத் துடிப்பே சற்றுக் கூடுதலாக இருக்கலாம். முதல் இரண்டு மூன்று மாதத்தில் கோளாறு எட்டிப் பார்த்தாலும் சிகிச்சை தோற்றதாக டாக்டர்கள் கணக்கு வைப்பதில்லை. நீங்கள் வையுங்கள்.

5. பார்க்க வருகிறவர்களிடம் விலாவாரியாகப் பேசுங்கள்

ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக உறவுக்காரர் வருவார். “மாப்ளே, எங்க சித்தப்பாவுக்கும் இதேதான்...” என்று தொடங்குவார். சித்தப்பாவுக்கு வந்தது வேறு நோயாக இருக்கும். குறுக்கிடாமல் கதையின் முடிவுவரை கேளுங்கள். முடிவு பெரும்பாலும் பதினாறாம் நாள் காரியமாகத்தான் இருக்கும்.

6. மூச்சை மெல்ல விட்டுவிடாதீர்கள்

மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று ஏறும், விடும்போது சற்று இறங்கும். இதயம் அப்படித்தான் அமைந்திருக்கிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கில், இழுப்பதைவிட விடுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டால் படபடப்பு அடங்கத் தொடங்கும். அறியாமல்கூட இதைச் செய்துவிடாதீர்கள்.

7. மாடிப்படியைத் தொடாதீர்கள்

டாக்டர் நடக்கலாம் என்ற பிறகும் நாற்காலியிலேயே இருங்கள். ஒரு மாதத்தில் உடம்பு துவண்டுவிடும். பிறகு ஒருநாள் மாடி ஏறினால் 120-ஐத் தாண்டும். “பார்த்தாயா!” என்று வீட்டாரிடம் சொல்ல அத்தாட்சி தயார்.

விளையாட்டில்லாத ஒரு பத்தி

மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென்று தொடங்கி நிற்காமல் ஓடும் துடிப்பு, தொடை இடுக்கில் ரத்தக்கசிவு அல்லது வீக்கம் – எது வந்தாலும் கையேட்டை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, கை கால் இழுத்துக்கொண்டாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்குச் செய்துகொண்டவர்கள், அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ விழுங்கும்போது வலியோ வந்தாலும் உடனே போகவேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. பயமே தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால் அதையும் டாக்டரிடம் சொல்லலாம். அதற்கும் மருத்துவம் உண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை.

8. அடுத்தவர் நாடியைப் பிடிக்காதீர்கள்

இந்த விதியை மீறித்தான் நான் கெட்டேன். ஒருநாள் இரவு இரண்டு மணி. என் நாடியை மூன்று முறை எண்ணியாகிவிட்டது. பக்கத்தில் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று அவள் மணிக்கட்டை எடுத்து, கட்டைவிரலை விட்டுவிட்டு இரண்டு விரலை வைத்தேன். முப்பத்தேழு வரை ஒழுங்காக வந்தது. அப்புறம் ஒன்று விட்டுப்போனது. ஒரு இதய டாக்டரையும் பார்த்திராத, ஆயுளில் ஒருநாளும் நெஞ்சு படபடத்ததாகச் சொல்லாத கை அது.

அவள் விழித்துக்கொண்டாள். “ஏங்க, என்ன?”

“ஒண்ணுமில்ல. உனக்கு ஒரு துடிப்பு விட்டுப்போச்சு.”

“போனா போகுது. அடுத்தது வருமில்ல? தூங்குங்க.”

கையை உருவிக்கொண்டு திரும்பிப் படுத்தாள். அடுத்தது வந்ததா என்று சரிபார்க்க எனக்குக் கை கிடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.