தடத்தை அடைச்சுப் பாரு, சாமி!

ஏஞ்சாமி, மலையடிவாரத்துல ரெண்டு ஏக்கரா கிரையம் பண்ணப் போறியாமா? ரொம்பச் சந்தோசம். புரோக்கர் அனுப்புன படத்தை உங்கொப்பன் கொண்டாந்து காட்டுனான். பின்னால மலை, முன்னால ஓடை, நடுவுல நீச்சல்குளம். எல்லாம் இருந்துச்சு, அந்த ஓடையோரமா நடக்கறவனை மட்டும் காணோம். அவன் கூச்சக்காரன். கிரையம் முடிஞ்சு, நீ கேட்டுப் போட்டு, பால் காய்ச்சுன பொறவு ராத்திரி பத்து மணிக்கு மேல வருவான்.

வாங்கறதுன்னே முடிவு பண்ணிட்டீன்னா, அப்பாரு நாலு யோசனை சொல்றேன், கேட்டுக்கோ.

மொதல்ல, சுத்தியும் கரண்டு வேலி போடு. யானை பக்கத்துல இருக்கற மரத்தை முறிச்சுக் கம்பி மேல சாய்ச்சுட்டு, சாவகாசமாத் தாண்டி வரும். கொம்பனா இருந்தா அந்தச் சிரமமும் இல்லை, கொம்பாலயே கம்பியை நெம்பிருவான். கொம்புல கரண்டு ஏறாது. நீ நாலு வருசம் காசு கட்டிப் படிச்சதை அவன் சும்மாவே தெரிஞ்சு வெச்சிருக்கான்.

ரெண்டாவது, வேலிக்குள்ள வாழையும் பலாவும் நடு. ஒரு நாளைக்கு 150 கிலோ தீனியும் நூறு லிட்டருக்கு மேல தண்ணியும் வேணும் யானைக்கு. வர்ற ஒறம்பரையைப் பசியோட அனுப்பற வழக்கம் நம்ம குடும்பத்துல இல்லை பாரு.

மூணாவது, விடிய விடிய லைட்டைப் போட்டு, பாட்டையும் வெச்சு வுடு. யானை ஓடையை வுட்டுட்டு ஊர்த்தடத்துல எறங்கி, பால் கறக்கப் போற ஏதாச்சும் ஏழை எதுக்க போய் நிக்கும். உன்ற தூக்கத்துக்கு ஒண்ணும் கெடுதல் இல்லை.

நாலாவதுதான் முக்கியம். போனை எடுத்து வீடியோ புடிச்சு, ‘ஊருக்குள் புகுந்த யானை’ன்னு போடு. யானைக்கூட்டத்தைக் கூட்டிட்டுப் போறது ஒரு கெழவி யானை. எந்த மாசம் எந்தப் பள்ளத்துல தண்ணி நிக்கும்னு அதுக்கு அதோட ஆத்தா காட்டிக் கொடுத்திருக்கும். உன்ற வீட்டுக்கு அப்ப வயசு மூணு மாசம்தான் இருக்கும். ஆரு எடத்துல ஆரு புகுந்தாங்கன்னு ஒருத்தனும் கேக்கமாட்டான், தைரியமாப் போடு.

இப்பப் பத்திரத்தை எடு. ‘மாமூல் வண்டித்தட பாத்தியம் உள்பட’ன்னு ஒரு வரி இருக்கும் பாரு. நம்ம பக்கம் பங்காளி தடத்தை அடைச்சவன் உருப்பட்டதா சரித்திரம் இல்லை. தாத்தன் போட்ட கேசுக்குப் பேரன் வாய்தாவுக்குப் போவான். அந்தப் பாத்தியம் யானைக்கும் உண்டு. என்ன, அது சப்-ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்து கைநாட்டு வெக்கலை. அதனால வில்லங்கச் சான்றுல அதும்பேரு வராது.

சிரிக்காதே. அது நேர்ல போகாட்டியும் அதுக்காகக் கேசு நடந்து செயிச்சிருக்குது. மசினகுடிப் பக்கம் சிகூர் இருக்குதல்லோ, ஒருபக்கம் நீலகிரிச் சரிவு, மறுபக்கம் மாயாத்துப் பள்ளம், நடுவுல ஒரு இடுக்கு. மேற்குமலைக் காட்டுக்கும் கிழக்குமலைக் காட்டுக்கும் அதுதான் கழுத்து. அதுல பூந்து ரிசார்ட்டு கட்டி வேலியப் போட்டாங்க. 2010-ல தமிழ்நாடு அரசு அதை யானை வழித்தடம்னு அறிவிச்சுது. ரிசார்ட்டுக்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2011-ல ஹைகோர்ட்டும், 2020 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டும் அறிவிப்பு செல்லும்னு சொல்லிருச்சு. காசு போட்டுக் கட்டுனவங்களுக்கு மிஞ்சுனது வக்கீல் பீசுதான்.

‘காடுதான் அந்தப் பக்கம் அவ்வளவு கெடக்குதே, அங்கயே இருந்துக்க வேண்டியதுதானே’ம்பே. கெடக்குது, துண்டு துண்டா. ஒரு துண்டுல மழை பொய்ச்சா அடுத்த துண்டுக்குப் போகோணும். போக வழியில்லாட்டி உன்ற தோட்டத்துத் தொட்டிதான். ஒரே துண்டுல அடைபட்டா சொந்தத்துக்குள்ளயே கூடி வம்சம் மெலிஞ்சு போகும். அத்தை மகளைக் கட்டாதேன்னு டாக்டர் உனக்குச் சொன்னதேதான். காட்டுக்கும் நட்டம். யானை தின்ன பழத்தோட கொட்டை பல மைல் தள்ளி லத்தியில விழுந்து மொளைக்கும். தடம் அடைபட்டா மரமும் நின்ன எடத்துலயே நின்னுக்கும்.

அடைச்சதைத் தொறக்க முடியும், கண்ணு. 2021 நவம்பர்ல நவக்கரைப் பக்கம் ஒரே ராத்திரியில மூணு யானை ரயில்ல அடிபட்டுச் செத்துது. பொறவு மதுக்கரைப் பக்கம் அந்த லைன்ல தண்டவாளத்துக்கு அடியில சுரங்கவழி வெட்டுனாங்க. யானை அதுல போகுது. 2024-ல கேமரா வெச்சு, யானை கிட்ட வந்தாலே ரயில்காரங்களுக்குச் சேதி போற மாதிரி பண்ணுனாங்க. பந்திப்பூர் ரோட்டுல 2009 முதக்கொண்டு ராத்திரி ஒம்பதுலருந்து காலை ஆறு வரைக்கும் வண்டிவாசிக்குத் தடை. லாரிக்காரன் அந்த நேரம் கண்ணசந்தா ஒண்ணும் குடி முழுகலை. வால்பாறையில ரோட்டுக்கு மேல மரத்துக்கு மரம் பாலம் கட்டி வுட்டிருக்காங்க. சிங்கவால் குரங்கு காருக்கு அடியில சிக்காம அது மேலயே போகுது. குரங்குக்குப் பாலம் கட்ட மனசிருக்கற ஊருல, யானைக்கு ஓடையோரத்தை வுட முடியாதா?

ஆனா சிலது லேசுல தொறக்காது. தடாகத்துப் பக்கம் போனா, செங்கச் சூளைக்குச் செம்மண் எடுத்த குழியை எட்டி நின்னு பாரு. கரை செவுராட்டம் செங்குத்தா எறங்கும். கன்னு வெச்சிருக்கற யானை அதுல எறங்காது, சுத்திக்கிட்டு ஊருக்குள்ளதான் வரும். சூளையை 2021-ல மூடிட்டாங்க. குழி கெடக்குது.

நையாண்டி போதும். கிரையத்துக்கு முந்தி மூணு வேலை பண்ணு. அந்தக் கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தோட (ஹாக்கா) பட்டியல்ல இருக்குதான்னு பாரு. வனத்துறை ரேஞ்சு ஆபீசுல சர்வே நம்பரைக் கொடுத்து யானைத்தடமான்னு கேளு. அப்புறம் பக்கத்துப் பதியில இருக்கற இருளர் பெரியவர்கிட்டக் கேளு, அவரு பொய் சொல்றதுல அவருக்குக் கமிசன் இல்லை.

கிராமம் பட்டியல்ல இல்லாம, மத்த ரெண்டு பேரும் தடம் இல்லைன்னா பாதிப் பணம் நான் தர்றேன். இருந்தாலும் ஓடையோரத்தை வேலி போடாம வுட்டு, வீட்டைத் தள்ளிக் கட்டோணும். பட்டியல்ல இருந்தாலோ, ஒருத்தர் தடம்னு சொன்னாலோ, குடுத்த அட்வான்சைத் திருப்பி வாங்கற வழியைப் பாரு. அப்பாரு பத்துப் பைசா தரமாட்டேன்.