2 மில்லிமீட்டருக்கு இம்மாம் ஆர்ப்பாட்டமா?

வா நைனா, குந்து. கரையான்சாவடி சிக்னல் நெரிசல்ல மாட்டி மூஞ்சி சுண்டிப் போச்சா, இல்ல கையில வெச்சிகினு கீறியே அந்த எக்கோ ரிப்போர்ட்டாலயா?

பொறந்து ஒன்றரை மாசம். கொழுகொழுன்னு கீது புள்ள. பாலு குடிக்கிது, கத்துது, துணிய நனைக்கிது. ஆனா பேப்பர்ல ‘பி.எஃப்.ஓ. 2 மி.மீ.’ன்னு ஒரு வரி, இதயத்துல இன்னும் மூடாம கீற சின்ன ஓட்டையாம். அம்புட்டுதான், ஊட்ல ஒல வெக்கல. அழவுடாதீங்க, அழுதா ஓட்டை பெருசாவும்ன்றா ஒம் மாமியா. மச்சான் ஃபோன்லயே ஆபரேஷன் செலவுக் கணக்கு போடுறான். பேனைப் பெருமாளாக்குறதுன்னா இதான்.

நான் கேக்குறேன், வயித்துக்குள்ள இருக்கச் சொல்ல புள்ள மூச்சா வுட்டுது? நுரையீரலுக்கு அங்க இன்னா வேலை? தொப்புள்கொடி வழியா வர்ற நல்ல ரத்தம், இதயத்தோட மேலறை ரெண்டுக்கும் நடுவுல கீற தொறப்பு வழியாத்தான் இடப்பக்கம் போவுது. அது இல்லாட்டி நீயும் இல்ல, நானும் இல்ல. வெளிய வந்து வீல்னு கத்தினதும் நுரையீரல் விரியுது. இடப்பக்கம் அழுத்தம் ஏறுது. உள்ள கீற மெல்லிசு மடல் காத்தடிச்ச கதவாட்டம் சாத்திக்குது. அது ஒட்டிக்க மாசக்கணக்காவும். நீ இப்பவே எட்டிப் பாத்துட்டு, தாப்பா வுழலியேன்னு அழுவுற.

எனக்கெப்படித் தெரியும்னு முழிக்காத. பேத்தி நர்சு. அவ சொல்றத நான் காதுல வாங்குறேன், நீ வாட்ஸ்ஆப்ல வர்றத வாங்குற. 1984-ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்குல, செத்தவங்க இதயம் 965-ஐப் பிரிச்சுப் பாத்த கணக்கு வந்திச்சாம். நூத்துக்கு 27 பேருக்கு அந்த மடல் முழுசா ஒட்டவே இல்ல. 80 தாண்டினவங்கள்லகூட அஞ்சுல ஒருத்தருக்கு அப்படித்தான். என் நெஞ்சுலயும் தொறந்து கெடக்கோ இன்னாவோ, யாரு கண்டா? மூட்டை தூக்கின நெஞ்சு இது.

மருந்து வேணாம், எப்பவும்போல வளருங்க, கொஞ்ச மாசம் கழிச்சி காட்டுங்கன்னு டாக்டரு சொன்னாரா இல்லியா? மருந்து எழுதாத டாக்டர நீ எங்க நம்பப் போற? வேற எடத்துல இன்னொரு எக்கோ எடுத்த. 2.3-ன்னு வந்ததும் பெருசாயிடுச்சுன்னு அலறுற. கைகால ஒதைக்கிற புள்ளைய வெச்சி அளக்கச் சொல்ல இம்மாத்தூண்டு மாறாதா?

ஓட்டை கீதான்னு உப்புத் தண்ணிய நுரையாக் குலுக்கி நரம்புல ஏத்திப் பாக்குறது, தொடை வழியா டியூப் வுட்டு டிவைஸ் வெச்சு அடைக்கிறது, அதெல்லாம் வேற கதை. காரணமே தெரியாம பக்கவாதம் வந்த, 60 வயசுக்குள்ள கீற பெரியவங்கள்ல பொறுக்கி எடுத்து அடைச்சா நல்லதுன்னு 2017-ல மூணு ஆராய்ச்சி சொல்லிச்சு. ஒம் புள்ளைக்கா பக்கவாதம் வந்திச்சு?

பயப்பட வேண்டிய எடத்துல பயப்படு. பால் குடிக்கச் சொல்ல நெத்தி வேத்து ஊத்துதா? ஒதடு நீலம் பாயுதா? மூச்சு வாங்குதா? எட ஏறலியா? அப்போ பூந்தமல்லி வைத்தீஸ்வரன் கோயிலுக்கு அப்பறமாப் போ, மொதல்ல எழும்பூர் கொழந்தைங்க ஆஸ்பத்திரிக்கு ஓடு. மடலே இல்லாம நடுச்சுவர்ல ஓட்டை வுழுந்து பொறக்கிறது வேற. அதுல பெருசா இருக்கிறதத்தான் மூட வேண்டி வரும். அதுக்கு முதலமைச்சர் காப்பீடு கீது. அங்கன்வாடிக்கு வருசத்துக்கு ரெண்டு வாட்டி டாக்டருங்க வந்து பாக்குறாங்க, அன்னிக்கி புள்ளைய ஊட்ல பூட்டி வெக்காத.

ஆமா, ஒன்றரை மாச ஊசி போட்டுட்டியா? இன்னாது, ஓட்டை மூடினப்பறமா? எந்தப் புண்ணியவான் சொன்னான்? நாளைக்குப் புதன்கிழம, கவர்மெண்டு ஆஸ்பத்திரியில ஊசி போடுற நாளு. தடுப்பூசி அட்டைய எடுத்துகினு காலையிலயே கெளம்பு, அப்பறம் போனா வரிசை நீளும்.