வண்டி வாங்கினவன் பேசறேன் சார்

பழைய காரை விற்ற பணம் செலவாகித் தீர்ந்த பிறகும், தீராமல் ஒருவர் இருப்பார். அந்தக் காரை வாங்கியவர்.

வாங்க வரும்போது அவரைப் போல விவரமானவர் ஊரில் கிடையாது. கூடவே ஒரு மெக்கானிக் வருவார். "நம்ம பையன்தான்" என்பார். பையனுக்கு ஐம்பது வயதிருக்கும். இருவரும் கதவை விரலால் தட்டி, டிங்கரிங் பார்த்த வண்டியா என்று காது கொடுத்துக் கேட்பார்கள். ஆயில் ஸ்டிக்கை உருவுவார்கள், புகையின் நிறம் பார்ப்பார்கள். கடைசியில் கிளட்ச் தேய்ந்திருக்கிறது என்று ஐயாயிரம் குறைத்துவிட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டிப் போவார்கள்.

மறுநாள் காலை போன்.

"வண்டி வாங்கினவன் பேசறேன் சார். கிளட்ச் தேஞ்சிருக்கே, சொல்லவே இல்லையே?"

"அதுக்குத்தானே ஐயாயிரம் குறைச்சோம்?"

"அது நேத்து சார்."

அப்புறம் தினமும் ஒன்று. ஏ.சி. குளிர் பத்தவில்லை. ஹாரன் மாமனாருக்குப் பிடிக்கவில்லை. பேட்டரி இறங்கிவிட்டது, ராத்திரி முழுக்க உள்விளக்கு எரிந்ததை மட்டும் சொல்லமாட்டார். குரல் ஏறினால் கன்ஸ்யூமர் கோர்ட் வரும். வியாபாரி அல்லாதவர் தன் சொந்த வண்டியை விற்றால் அந்த வழக்கு அங்கே பொதுவாக எடுபடாது. குறையை மறைத்துப் பொய் சொல்லி விற்றிருந்தால் சிவில் கோர்ட் இருக்கிறது. ஆனால் இவர் எந்தக் கோர்ட்டுக்கும் போகிறவர் இல்லை. "சரி, வண்டியைக் கொண்டாங்க, பணத்தை வாங்கிக்குங்க" என்று சொல்லிப் பாருங்கள். "அதெப்படி சார்? வீட்ல அவங்களுக்கு ரொம்ப ராசியான வண்டியாச்சே!"

இத்தனை குறை கண்டவர் கண்ணில் படாதது ஒன்றுதான்: டேஷ்போர்டுக்குள் இவரே பத்திரமாக வைத்த, பேர் மாற்றுவதற்கான 29, 30 நம்பர் ஃபார்ம்கள். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். "அங்கே நம்ம ஆள் இருக்கார் சார், ஆடி போகட்டும்" என்றார் இவர். விற்றவரும் நம்பி, தன் பங்குக்குச் செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டார். (இப்படிப்பட்டவருக்குத்தான் இப்படிப்பட்டவர் அமைவார்.) விபத்து என்று வந்தால் ஆர்.சி.யில் பேர் இருப்பவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது. சிக்னல் தாண்டிய அபராதமெல்லாம் விற்றவர் செல்போனுக்கே வந்தது. கேட்டால், "பேப்பர்ல வண்டி இன்னும் உங்க பேர்லதானே சார்?"

ஆடி போய், ஆவணி போய், தை பிறந்த சமயம் போன் நின்றது. ஒரு வாரம் நிம்மதி. அப்புறம் புதுக்குரல் ஒன்று.

"சார், உங்க வண்டியைப் பார்த்துட்டு வர்றேன். சிங்கிள் ஓனர்னு சொன்னார், ஆர்.சி.யும் அப்படித்தான் இருக்கு. எதுன்னாலும் ஓனரையே கேட்டுக்கங்கன்னு உங்க நம்பர் குடுத்தார். கிளட்ச் எப்படி சார்?"