வாரி வழங்கும் குவெரிக்கு ஒரு வாழ்த்து

பிழைச் செய்தி எதுவும் காட்டாமல் ஓடி முடிக்கும் ஜாயின் குவெரியே, உன்னைப் புகழத்தான் ஆள் இல்லை. பேச்செல்லாம் பிழை காட்டுகிற குவெரிகளைப் பற்றித்தான். ‘இந்த ஃபீல்டைத் தெரியாது’ என்று மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் 1054-ஆம் பிழையைக் காட்டினால் அலுத்துக்கொள்கிறோம். ‘இந்தப் பெயர் எந்த டேபிளைச் சேர்ந்தது?’ என்று 1052 கேட்டால் எரிச்சல் வருகிறது. நீ அப்படி ஒரு கேள்வி கேட்டு யாரையும் வாசலில் நிறுத்தியதில்லை. கேட்டவுடன் கொடுக்கிறாய், கேட்டதற்கு மேலும் கொடுக்கிறாய். அந்தக் கொடையை எங்கள் ஊர்க் கணக்கை வைத்தே பாடிவிடுகிறேன்.

எங்கள் ஊர் சங்கரன்கோவில். திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஊர், 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. பழைய திருநெல்வேலியில் 16 வட்டங்கள். பிரித்தபோது பக்கத்துக்கு எட்டு. தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சிவகிரி, வீரகேரளம்புதூர், ஆலங்குளம், திருவேங்கடம், சங்கரன்கோவில் ஆகியவை இந்தப் பக்கம். பாளையங்கோட்டை, மானூர், அம்பாசமுத்திரம், ராதாபுரம் முதலானவை அந்தப் பக்கம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு திருநெல்வேலியின் கொக்கிரகுளத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் தென்காசிக்குப் பஸ் ஏறத் தொடங்கினார்கள்.

இதை இரண்டு டேபிளில் எழுதலாம். ‘வட்டம்’ என்று ஒன்று, 16 வரி. ஒவ்வொரு வரியிலும் வட்டத்தின் பெயரும் அது சேர்ந்த மாவட்டத்தின் எண்ணும். ‘மாவட்டம்’ என்று இன்னொன்று, இரண்டே வரி, எண்ணும் பெயரும். எந்த வட்டம் எந்த மாவட்டம் என்று கேட்டால் 16 வரி வரவேண்டும்.

ஃப்ரம் என்று போட்டு, இரண்டு டேபிளையும் நடுவில் ஒரு கமாவோடு எழுதி, எதை எதோடு பொருத்துவது என்று சொல்லாமலே உன்னிடம் தந்தால் நீ முகம் கோணுவதில்லை. 16-ஐ இரண்டால் பெருக்கி 32 வரி கொடுக்கிறாய். சங்கரன்கோவில், தென்காசி என்று ஒரு வரி. சங்கரன்கோவில், திருநெல்வேலி என்று அடுத்த வரி. கடற்கரையோர ராதாபுரத்துக்குத் தென்காசியில் இடம் பிடித்துத் தருகிறாய், குற்றாலத்துக்குப் பக்கத்துச் செங்கோட்டையைத் திருநெல்வேலியிலும் தங்கவைக்கிறாய். அரசாணை போட்டுப் பிரித்ததை ஒரு கமாவில் சேர்த்துவைக்கும் வல்லமை வேறு யாருக்கு உண்டு? வட்டவாரியாக உதவித்தொகையைக் கூட்டச் சொன்னால் அந்தத் தொகையும் இருமடங்காகிவிடும். கருவூலத்தில் ஒரு ரூபாய் கூடாமலே பயனாளி எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும் கொடை உன்னுடையது.

1992-ல் வந்த எஸ்க்யூஎல் தரநிலை ஜாயின், ஆன் என்ற எழுத்துமுறையைக் கொடுத்தது. எந்த டேபிளை எதன்மேல் பொருத்துவது என்பதை ஜாயினுக்கு அடுத்தே எழுதிவிடும் முறை அது. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் அந்த ஆன் விட்டுப்போனால் தொடரியல் பிழை. மைஎஸ்க்யூஎல்லில் ஆன் இல்லாத வெறும் ஜாயினும் செல்லும், அங்கேயும் 32 வரி கிடைக்கும். உன் புகழ் கமாவோடு நிற்பதில்லை.

கொடுப்பதில் மட்டுமா, எடுத்துக்கொள்வதிலும் நீ பெருந்தன்மைக்காரன். நேச்சுரல் ஜாயின் என்று ஒன்று இருக்கிறது. எந்த ஃபீல்டைப் பொருத்துவது என்று நாம் சொல்லத் தேவையே இல்லை. இரண்டு டேபிளிலும் ஒரே பெயரில் எவ்வளவு ஃபீல்டு இருக்கிறதோ அத்தனையையும் நீயே பொருத்திக்கொள்வாய். எங்கள் இரண்டு டேபிளிலும் ‘மாவட்ட எண்’ இருக்கிறது. ‘பெயர்’ என்ற ஃபீல்டும் இரண்டிலும் இருக்கிறது. ஆக, எண்ணும் ஒத்துப்போக வேண்டும், பெயரும் ஒத்துப்போக வேண்டும். தென்காசி வட்டம் தென்காசி மாவட்டத்தில் இருப்பதால் தேறிவிட்டது. திருநெல்வேலி வட்டமும் அப்படியே தேறியது. மற்ற 14 வட்டங்களையும் காணோம். சங்கரன்கோவில் என்ற பெயரில் மாவட்டம் இல்லாத குற்றத்துக்காக சங்கரன்கோவில் வட்டமே பட்டியலில் இல்லாமல் போய்விட்டது. அதையும் நீ ஒரு சத்தம் போடாமல் செய்கிறாய். இரண்டு வரி வந்தது, இரண்டும் சரியான வரிதான். பார்க்கிறவர் எதைத் தப்பென்று சொல்வார்?

எங்கள் ஊர்க் கோயிலில் சங்கரநாராயணர் இருக்கிறார். வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால். பிறையும் கங்கையும் ஒரு பக்கம், சங்கு மறுபக்கம். இருவரும் ஒரே உடம்பு. ஆனாலும் எது யாருடையது என்பதில் கோயிலுக்கு வரும் குழந்தைக்குக்கூடக் குழப்பம் கிடையாது. ஜாயின் எழுதினால் அப்படி எழுத வேண்டும் என்பது என் கட்சி. ‘பெயர்’ என்று மொட்டையாக விடாமல் ‘வட்டம் புள்ளி பெயர்’, ‘மாவட்டம் புள்ளி பெயர்’ என்று ஒவ்வொரு ஃபீல்டுக்கும் அதன் டேபிளை முன்னால் வைத்து எழுதுவது. நீ இருக்கும் தைரியத்தில் அந்தச் சிரமத்தை நிறையப் பேர் விட்டுவிட்டார்கள்.

உன் பழைய வீரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு டேபிளுக்குச் செல்லப்பெயர், அதாவது அலையாஸ், வைத்துவிட்டால் அந்தக் குவெரிக்குள் அதன் பழைய பெயர் செல்லாது. வட்டம் என்ற டேபிளுக்கு ‘வ’ என்று அலையாஸ் வைத்துவிட்டு, நிபந்தனை எழுதும் வேர் பகுதியில் கைமறதியாக ‘வட்டம் புள்ளி பெயர் சங்கரன்கோவில்’ என்று எழுதினால் இன்றைய டேட்டாபேஸ்கள் பிழை காட்டி நிறுத்திவிடும். பழைய போஸ்ட்கிரஸ் நிறுத்தாது. விட்டுப்போன டேபிளைத் தானே ஃப்ரம் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். ஒரு சின்ன அறிவிப்பு மட்டும் காட்டும், அதை யாரும் படிப்பதில்லை. இப்போது வட்டம் இரண்டு பிரதியாகிவிட்டது. சங்கரன்கோவில் என்ற நிபந்தனை, கூப்பிடாமல் வந்த பிரதியின் மேல் விழும். நாம் கேட்ட ‘வ’ மேல் எந்த நிபந்தனையும் இல்லை. ஒரு வரி கேட்டவருக்கு 16 வரி கிடைக்கும். 2005-ல் வந்த 8.1 பதிப்பில் இந்தத் தாராளத்தை இயல்புநிலையிலேயே அணைத்துவைத்தார்கள், 2010-ல் வந்த 9.0 பதிப்பில் அந்த அமைப்பையே எடுத்துவிட்டார்கள். ஆதரவற்றுப்போன ஒரு சொல்லுக்கு ஒரு டேபிளையே தூக்கிக் கொடுத்த கையை அப்படிக் கட்டிப்போட்டார்கள்.

ஆனால் உன் கொடையின் உச்சம் இன்னும் கட்டிப்போடப்படாமல் இருக்கிறது. மாவட்டம் பிரிந்த பிறகு, புது மாவட்டத்துக்கு அனுப்பிவிட்ட மனுக்களைப் பழைய கோப்பான ‘மனு’ டேபிளிலிருந்து நீக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அனுப்பிய மனுக்களின் எண்கள் ‘மாற்றல்’ என்ற டேபிளில் இருக்கின்றன. அங்கே அந்த ஃபீல்டின் பெயர் ‘பழைய மனு எண்’. குவெரி எழுதுகிறவர் மறந்துபோய், ‘மாற்றலில் உள்ள மனு எண்களில் அடங்கும் மனு எண் கொண்ட வரிகளை நீக்கு’ என்று உள்ளே ஒரு துணைக்குவெரி வைத்து எழுதுகிறார். மாற்றலில் ‘மனு எண்’ என்ற ஃபீல்டே இல்லை. பிழை வரவேண்டிய இடம். நீ என்ன செய்கிறாய்? உள்ளே கிடைக்கவில்லையே என்று கைவிரிப்பதில்லை. வெளியே வந்து தேடுகிறாய். வெளியே மனு டேபிளில் ‘மனு எண்’ இருக்கிறது. அதையே எடுத்து உள்ளே வைத்துக்கொள்கிறாய். ஒவ்வொரு மனுவின் எண்ணும் தனக்குத் தானே சமமா என்று பார்க்கிறாய். சமம்தான். மாற்றலில் ஒரே ஒரு வரி இருந்தால் போதும், எல்லா மனுவும் நீங்கிவிடும்.

இது எந்த ஒரு டேட்டாபேஸின் கோளாறும் அல்ல. துணைக்குவெரி வெளியில் உள்ள ஃபீல்டைத் தொடலாம் என்பது தரநிலையிலேயே உள்ள விதி. போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர் எல்லாமே இப்படித்தான் நடந்துகொள்ளும். உள்ளே ‘மாற்றல் புள்ளி மனு எண்’ என்று எழுதியிருந்தால் அந்த நொடியே பிழை விழுந்திருக்கும், மனுக்கள் பிழைத்திருக்கும். முதியோர் உதவித்தொகைக்கு எழுதிக் கொடுத்த பாட்டியின் மனுவும் பட்டா மாறுதலுக்கு மூன்று தடவை நடந்தவரின் மனுவும் அதில் உண்டு. அவர்கள் ஊரில் கேட்டால், ‘கொடுத்தேன்யா, ரசீதுகூட இருக்கு’ என்பார்கள். உன் கோப்பில் அவர்கள் கொடுக்கவே இல்லை. எனக்கு இதில் வரும் கோபம் சாதாரணக் கோபம் அல்ல.

மனுவோடு அலுவலர் டேபிளை லெஃப்ட் ஜாயின் செய்துவிட்டு, வலப்பக்க டேபிளின் நிபந்தனையை ஆனில் வைக்காமல் வேரில் வைத்தாலும் நீ ஒன்றும் சொல்வதில்லை. அலுவலர் ஒதுக்கப்படாத மனுக்கள் ஓசையின்றிக் கழன்றுகொள்ளும். முதலில் பார்க்க வேண்டியவை அந்த மனுக்கள்தான்.

உன்னிடம் இன்னொரு குணம், பழசை மறக்காத விசுவாசம். வட்டம் டேபிளில் மாவட்ட எண்ணை யாரும் மாற்றாமல் விட்டிருந்தால், இன்றைக்கும் சங்கரன்கோவிலைத் திருநெல்வேலியோடு ஒழுங்காக ஜாயின் செய்து தருவாய். எண் இருக்கிறது, அந்த எண்ணுக்கு மாவட்டமும் இருக்கிறது, பிழை வர வழியே இல்லை. சரி, மாற்றிவிட்டோம் என்றால், 2018-ல் திருநெல்வேலியில் கொடுத்த மனுவையும் தென்காசி மாவட்டத்தில் காட்டுவாய். 2018-ல் அப்படி ஒரு மாவட்டம் இல்லை. எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை எந்த மாவட்டம் என்று இரண்டு தேதி ஃபீல்டைத் தனி டேபிளில் வைத்து, மனுவின் தேதியையும் ஆனில் சேர்த்தால்தான் இரண்டும் சரியாக வரும். நீ அதைக் கேட்டதில்லை.

பெயரை நம்பும் உன் வெள்ளை மனசுக்கு எங்கள் பகுதி நல்ல சோதனைக்களம். தென்காசி என்பது ஊர், வட்டம், மாவட்டம், சட்டமன்றத் தொகுதி, மக்களவைத் தொகுதி. மக்களவைத் தொகுதியில் விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அடக்கம். தென்காசி மாவட்டத்து ஆலங்குளமோ திருநெல்வேலி மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. பெயர் ஒன்றாக இருக்கிறதென்று மாவட்டத்தையும் தொகுதியையும் கட்டிவைத்தால் நீ ஆசீர்வதித்து அனுப்பிவிடுவாய். ராஜபாளையத்துக்காரர் கணக்கு தென்காசி மாவட்டத்தில் ஏறும், ஆலங்குளத்துக்காரர் கணக்கு அவருடைய எம்.பி.க்குப் போய்ச் சேராது.

உன்னோடு ஒப்பிட்டால் அந்தப் பிழைக்காரர்கள் எவ்வளவு கஞ்சர்கள்! மைஎஸ்க்யூஎல் 5.0.12 வந்தபோது கமாவின் முன்னுரிமையை ஜாயினைவிடக் கீழே இறக்கிவிட்டார்கள். ‘மனு, வட்டம் ஜாயின் மாவட்டம்’ என்று எழுதினால் முதலில் வட்டமும் மாவட்டமும் மட்டும் கூடும். அந்த ஆனுக்குள் மனுவின் ஃபீல்டை எழுதினால், டேபிள் கண்ணெதிரே ஃப்ரமில் இருக்கும்போதே 1054 விழும். கமாவை எடுத்துவிட்டு ஜாயின் என்று எழுதினால் சரியாகிவிடும். போஸ்ட்கிரஸ் இதே இடத்தில், அந்த டேபிள் இருக்கிறது, ஆனால் குவெரியின் இந்தப் பகுதியிலிருந்து அதைத் தொட முடியாது என்று குறிப்பே தரும். பழைய மாவட்டம், புது மாவட்டம் இரண்டையும் காட்ட ‘மாவட்டம்’ டேபிளை இரண்டு தடவை ஜாயின் செய்தால் 1066 வந்து, இரண்டுக்கும் தனித்தனி அலையாஸ் வைக்கச் சொல்லும். லினக்ஸில் மைஎஸ்க்யூஎல் டேபிள் பெயரின் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வரைக்கும் கணக்குப் பார்க்கும். ஒவ்வொரு பிழையும் எந்தப் பெயரில் தடுக்கியது என்று சொல்லிவிட்டுத்தான் நிற்கும். அந்தப் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு ஃப்ரமில் அந்த டேபிள் இருக்கிறதா, அலையாஸ் வைத்த பிறகும் பழைய பெயரால் கூப்பிடுகிறோமா, அது ஜாயின் ஆவதற்கு முன்பே ஆனில் தொடுகிறோமா என்று வரிசையாகப் பார்த்தால் பெரும்பாலும் சில நிமிஷத்தில் ஆள் பிடிபடும்.

கொடையாளியைப் பாடியவர் பரிசில் கேட்பது நம் வழக்கம். யானையும் தேரும் வேண்டாம். அந்த 32 வரியிலிருந்து 16-ஐத் திரும்ப எடுத்துக்கொள். மாற்றலில் மனு எண் இல்லை என்று தெரிந்த அந்த இடத்தில், வெளியே தேடப் போகாமல், 1054 ஒன்று கொடு.