விரும்பும் பாடப்பிரிவு

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வீட்டுக்குள் நுழைகிறவர்கள் முதலில் கேட்பது, "என்ன குரூப்?" கேள்வி அப்பாவுக்கு. பரீட்சை எழுதிய ஜீவன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருக்கும். அதைக் கேட்டுப் பயனில்லை என்று எல்லோருக்கும் தெரியும். 1978-இல் பி.யூ.சி.யை எடுத்துவிட்டுப் பிளஸ் டூவைக் கொண்டுவந்ததிலிருந்து இந்த மரியாதையில் குறை வைத்தவர்கள் நம் ஊரில் குறைவு.

எங்கள் காலத்துக் கணக்கு இது. இயற்பியல், வேதியியலோடு கணிதமும் உயிரியலும் சேர்ந்தால் ஃபர்ஸ்ட் குரூப். அதை எடுத்தவன் டாக்டரும் ஆகலாம், இன்ஜினியரும் ஆகலாம் என்பதால், இரண்டு வருஷத்துக்கு உறவுக்காரர்கள் அவனை இரண்டாகவும் நினைத்துக்கொண்டு பார்ப்பார்கள். உயிரியலுக்குப் பதில் கம்ப்யூட்டர் எடுத்தவன் இன்ஜினியர் மட்டும். பியூர் சயின்ஸ்காரன் கணக்குக்குப் பயந்தவன். காமர்ஸ் எடுத்தவனைப் பற்றி அவன் வீட்டிலேயே குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். அப்படிக் குரல் தாழ்த்திய குடும்பங்கள் பல இன்றைக்கு ஜூலை மாதமானால் வருமான வரிக் கணக்கோடு அதே பையனின் ஆபீஸ் வாசலில் காத்திருக்கின்றன. அது வேறு கதை.

எனக்கு வரலாறு பிடிக்கும். வீட்டில் சொன்னேன். அம்மா, "பிடிச்சா லீவு நாள்ல படிச்சுக்க கண்ணு" என்றாள். லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த மாமா, "செத்தவங்க வெவகாரம் நமக்கு எதுக்கு மாப்ள?" என்றார். கூட்டுறவு வங்கிச் சித்தப்பா கணிதத்தின் மகிமையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். பி.யூ.சி.யில் அவரைக் கவிழ்த்ததே அந்தக் கணிதம்தான் என்பதால், அதன் பலம் அவருக்கு நேரடியாகத் தெரிந்திருந்தது. அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஃபர்ஸ்ட் குரூப் என்று அவர் ஏற்கெனவே ஊரில் சொல்லியிருந்தார்.

ஐந்நூறுக்கு 441 வாங்கியவன் ஊரில் இருந்தால் கெட்டுவிடுவான் என்றும் முடிவானது. அப்படி முடிவானால் கரூர்ப் பக்கத்துப் பையன்கள் காவிரிப் பாலத்தைத் தாண்டி நாமக்கல் வட்டாரத்து ஹாஸ்டலுக்குப் போக வேண்டும். மாநில ரேங்க் வாங்கிய பிள்ளைக்கு அம்மா ஒரு பக்கமும் தாளாளர் மறுபக்கமும் லட்டு ஊட்டும் போட்டோ அப்போதெல்லாம் பேப்பரில் வரும். நாமக்கல் பெயர் அந்த போட்டோவுக்குக் கீழே அடிக்கடி இருக்கும்.

இந்தப் பள்ளிகளைப் பிராய்லர் கோழிப் பண்ணை என்று திட்டுவது பத்திரிகைகளின் வழக்கம். தகவல் பிழை. பிராய்லர் கறிக்கோழி, அது பல்லடம் பக்கத்துத் தொழில். நாமக்கல்லில் பெருவாரியாக இருப்பது லேயர், முட்டைக்கோழி. கறிக்கோழிக்கு ஆறேழு வாரத்தில் விடுதலை கிடைத்துவிடும். முட்டைக்கோழி ஒரு வருஷத்துக்கு மேல் கூண்டில் உட்கார்ந்து நித்தமும் உற்பத்தி காட்ட வேண்டும். திட்டுவது என்றால் சரியாகத் திட்ட வேண்டும் என்பது என் கட்சி.

சேர்க்கைக்குப் போன அன்று விண்ணப்பத்தில் 'விரும்பும் பாடப்பிரிவு' என்று ஒரு கட்டம் இருந்தது. கட்டத்துக்குள் ஏற்கெனவே ரப்பர் ஸ்டாம்ப் விழுந்திருந்தது. "வரலாறு இருக்குதுங்களா?" என்று கேட்டேன். தாளாளர் என்னைப் பார்க்கவில்லை. "ஏனுங்க, பையனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" என்று அப்பாவைக் கேட்டார். பயணக் களைப்பு என்று அப்பா சமாளித்தார்.

விருப்பத்துக்கு உண்மையாகவே இடம் கொடுத்தது மொழிப்பாடத்தில்தான். தமிழா, பிரெஞ்சா? தமிழில் இருநூற்றுக்கு இருநூறு வாங்க முடியாது, பிரெஞ்சில் கிட்டத்தட்ட வாங்கிவிடலாம் என்பது அப்போது தமிழ்நாடு முழுக்க அறிந்த ரகசியம். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் கட்-ஆஃப் போடும்போது மொழிப்பாட மார்க்கைச் சீந்துவார் இருக்கவில்லை. ஆனால் கல்யாண மண்டபத்தில் யாரும் கட்-ஆஃப் கேட்டதில்லை, ஆயிரத்து இருநூறுக்கு எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். இன்னொரு பக்கம், மாநில ரேங்க் என்று அரசு அப்போது அறிவித்தது தமிழை மொழிப்பாடமாக எடுத்தவர்களுக்கு. ஆகவே ரேங்க் வாங்கக்கூடிய முதல் வரிசைப் பையன்களைத் தமிழில் வைத்தார்கள். இரண்டாம் வரிசையை பிரான்சுக்கு அனுப்பினார்கள். என்னையும் தமிழில்தான் விட்டார்கள். முதல் வரிசை என்பதால் அல்ல. பிரெஞ்சு வகுப்பில் பெஞ்ச் தீர்ந்துவிட்டது.

பரமத்தி வேலூர்ப் பையன் ஒருவன் பிரெஞ்சில் 196 வாங்கினான். வாக்கியத்துக்கு வாக்கியம் 'ங்க' போட்டுப் பேசுகிறவன், அந்த மொழியிலும் எங்கேயாவது 'ங்க' சேர்க்க இடம் இருக்கிறதா என்று கடைசி வரை தேடினான். பிரெஞ்சில் குடிக்கத் தண்ணீர் கேட்கத் தெரியுமா என்று கேட்டால், "அது ப்ளூ பிரிண்ட்ல இல்லீங்க" என்பான்.

ப்ளூ பிரிண்ட் என்பது எங்கள் வேதம். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை ஒரு மார்க், எத்தனை பத்து மார்க் வரும் என்ற பட்டியல். அதைப் பார்த்து எந்தப் பாடத்தைத் தொடவே வேண்டாம் என்று முடிவு செய்வார்கள். பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லாததால் அந்த வருஷம் முழுவதையுமே தொட வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார்கள். ஜூன் மாதம் பிளஸ் ஒன்னில் சேர்ந்த எங்களுக்கு அந்த வாரமே பிளஸ் டூ ஆரம்பமாகிவிட்டது. பிளஸ் ஒன் புத்தகங்கள் தகரப் பெட்டியின் அடியில், துருப் பிடிக்காமல் இருக்க விரித்த காகிதத்துக்குத் துணையாக, இரண்டு வருஷம் கிடந்தன. பிற்பாடு 2017-18இல் அரசு பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தது. 1200-ஐ 600 ஆக்கியது. ரேங்க் பட்டியலையும் லட்டையும் நிறுத்தியது. 2025-இல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு மறுபடியும் போய்விட்டது. ஆனால் நீட் தேர்வு அந்த வருஷத்துப் பாடத்தையும் கேட்கிறது என்பதால், பெட்டியின் அடிக்குப் புத்தகம் போக வழியில்லை என்று சொல்கிறார்கள்.

விடுதி விதிகளுக்கு வருகிறேன். குரூப் விஷயத்தில் என் கையெழுத்தைக்கூடக் கேட்காதவர்கள், விதிப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் கேட்டார்கள். காலை நாலரைக்கு மணி. இரவு பத்தரை வரை ஸ்டடி. மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் பெற்றோர் வரலாம். முடி போலீஸ் கட். இவை எல்லா ஹாஸ்டலிலும் உள்ளவை; சுவாரசியம் இல்லை. என்னைக் கவர்ந்தவை பின்பக்கங்களில் இருந்தன. 'தேங்காய் எண்ணெய் பாட்டிலில் தேங்காய் எண்ணெய் மட்டுமே வைத்திருக்க வேண்டும்.' 'கிணற்றுக் கயிற்றைக் கிணற்றுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும்.' 'தெற்கு ஜன்னலில் நீலத் துண்டு காயப்போடக் கூடாது.'

வரலாறு கிடைக்காதவனுக்கு இது போதாதா? ஒவ்வொரு விதியும் ஒரு முன்னோரின் கல்வெட்டு. சீனியர்களிடம் விசாரித்துக் காலவரிசையைக் கண்டுபிடித்தேன். தெற்குச் சுவருக்கு வெளியே ஒரு டீக்கடை. ஜன்னலில் நீலத் துண்டு தொங்கினால் ஐந்து பஜ்ஜிப் பொட்டலம் என்று அர்த்தம். கிணற்றுக் கயிற்றில் வாளி இறங்கும், பொட்டலத்தோடு ஏறும். வார்டன் இதைக் கண்டுபிடித்துக் கயிற்றுக்கு ஒரு விதி, துண்டுக்கு ஒரு விதி எழுதினார். நீலத்தைத்தான் தடை செய்தார் என்பதால் எங்கள் காலத்தில் பச்சைத் துண்டு. கிணற்றுக் கயிற்றைத்தான் தடை செய்தார் என்பதால் கொடிக் கயிறு. சட்டத்தை எழுத்துக்கு எழுத்து மதிக்கும் பழக்கம் எங்களுக்கு அங்கேதான் வந்தது. எங்கள் செட்டில் இரண்டு பேர் வக்கீல், அவர்கள் இரண்டு பேருமே ஃபர்ஸ்ட் குரூப்.

மாணவிகளோடு பேசினால் அபராதம் என்பதும் ஒரு விதி. விதிவிலக்கு என்று எதுவும் எழுதப்படவில்லை. எங்கள் அறையில் இருந்தவனின் தங்கை அதே வளாகத்தில் பத்தாம் வகுப்பில் படித்தாள். அவளிடம் ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிவர அவன் எழுத்துபூர்வமாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. உறவுமுறைக்கு ஆதாரமாக ரேஷன் கார்டு நகல் கேட்டார்கள். கார்டு ஊரிலிருந்து தபாலில் வருவதற்குள் பரீட்சை முடிந்துவிட்டது. முதல் ஞாயிறன்று அப்பா அம்மா வந்தபோதுதான் அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டார்கள். பேசிய முதல் விஷயம், "என் பாக்ஸை எப்ப தருவே?"

ரேடியோ வைத்திருக்கக் கூடாது என்ற விதியைக் கடுமையாகக் கடைப்பிடித்தவர் வார்டன். கைப்பற்றிய ரேடியோவைக் கேட்காமல் விட்டால் பேட்டரி வீணாகுமே என்ற கவலை உள்ளவரும் அவரே. 1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்தில் பாகிஸ்தானோடு டெஸ்டின் கடைசிக் கட்டம். ஜெயிக்க 271 வேண்டும். காலையில் எங்கள் அறையிலிருந்து பறிபோன ரேடியோ, பிற்பகலில் வார்டன் அறைக்குள் பேசிக்கொண்டிருந்தது. ஸ்டடி ஹாலில் முதலில் ஒருவன் தண்ணீர் குடிக்க எழுந்தான். பிறகு நாலு பேருக்குத் தாகம். சச்சின் நூறு தாண்டியபோது மொத்த ஹாலும் வார்டன் கதவருகில் கூடியிருந்தது. முதுகு வலியோடு அவர் 136 வரை இழுத்து வந்தார். இன்னும் பதினேழே ரன். அடுத்து சக்லைன் பந்து வானத்துக்குப் போனது, கேட்ச். ஸ்கோர் 254. மிச்சம் இருந்தவர்கள் சேர்ந்து நாலு ரன் எடுத்து, பன்னிரண்டு ரன்னில் தோற்றோம். கதவு திறந்தது. வார்டன் கண் சிவந்திருந்தது. எங்களைப் பார்த்தார். ஸ்டடி நேரத்தில் வராந்தாவில் நின்றதற்குத் தலைக்கு இரண்டு ரூபாய் அபராதம் எழுதினார். அந்தப் பதினேழு ரன் வந்திருந்தால் எங்கள் காசு தப்பியிருக்கும். இன்றும் அந்த மேட்சைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு அந்த இரண்டு ரூபாய் நினைவும் வரும்.

எங்கள் செட் விதிப் புத்தகத்துக்குச் செய்த பங்களிப்பு ஒரே ஒரு வரி: 'முட்டையை மெஸ்ஸை விட்டு வெளியே கொண்டு செல்லக் கூடாது.' இதற்குக் காரணமானவனின் பெயரை அன்றிலிருந்து யாரும் சொல்லவில்லை. முட்டை என்றே அழைத்தோம். மெஸ்ஸில் சமையல்காரரிடம் கெஞ்சி ஒரு பச்சை முட்டை வாங்கி வந்து, ஷூ பெட்டியில் பஞ்சு பரப்பி, அறுபது வாட் பல்புக்குக் கீழே குஞ்சு பொரிக்க வைத்தான். அறைக்கு ஒரு செல்லப்பிராணி வேண்டும் என்பது நோக்கம். நாங்களும் ஆசையாகக் குஞ்சுக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தோம். மூன்று வாரம் தாண்டியும் ஒன்றும் நடக்கவில்லை. தாளாளர் மேற்பார்வைக்கு வந்த அன்று நடந்தது. வெடித்த சத்தம் சின்னதுதான். நாற்றத்துக்காக இரண்டு நாள் அந்த மாடியையே காலி செய்தார்கள். பண்ணையில் சேவலே கிடையாது, சேவல் இல்லாமல் இடுகிற முட்டை பொரியாது என்று துப்புரவுக்கு வந்த அக்கா சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. முட்டை அந்த வருஷம் விலங்கியலில் எழுபத்தைந்துக்கு எழுபத்து நாலு. சேவல் ப்ளூ பிரிண்டில் இல்லை.

அவனுக்கு எம்.பி.பி.எஸ். கட்-ஆஃப் அரை மார்க்கில் போயிற்று. கால்நடை மருத்துவம் கிடைத்தது. எந்தக் கல்லூரி என்று நினைக்கிறீர்கள்? நாமக்கல். காவிரியைத் தாண்டித் தப்பிக்க அவன் எடுத்த முயற்சிகளை எல்லாம் கவுன்சலிங் முறியடித்தது. இன்று அந்த வட்டாரத்துப் பண்ணைக்காரர்கள் கோழி தும்மினால் அவனுக்குத்தான் போன் செய்கிறார்கள்.

போன வருஷம் அவனைப் பார்க்கப் போனேன். நான் பொறியியல் படித்துவிட்டு இப்போது பத்திரிகையில் எழுதுகிறேன் என்றதும், "அப்ப நீயும் குரூப் மாறிட்டே" என்றான். ஒரு பண்ணைக்குக் கூட்டிப்போனான். பள்ளிக்கூடமும் நடத்துகிற ஒருவருடையது. அந்த ஊரில் அது அதிசயம் இல்லை. வாசலில் பெரிய பலகை. அனுமதியின்றி உள்ளே நுழையக் கூடாது. பார்வையாளர்கள் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். வெளியிலிருந்து தீனி எதுவும் கொண்டுவரக் கூடாது. சத்தம் போடக் கூடாது. எனக்குக் கை தானாகப் போலீஸ் கட் தலையைத் தடவியது. கீழே விளக்கு நேரமும் போட்டிருந்தது: அதிகாலை நாலு முதல் இரவு எட்டு வரை.

"எட்டு மணிக்கே லைட் ஆஃபா? நமக்குப் பத்தரைடா" என்றேன்.

"அது கோழி. எட்டு மணி நேரம் இருட்டு குடுக்கணும். இல்லாட்டி உற்பத்தி படுத்துரும்" என்றான், கால் கழுவும் தொட்டியில் பூட்ஸை முக்கியபடி.